இனிப்பும் இல்லறமும்: ஆண்கள் அறிந்திருக்க வேண்டியவை



இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியானது. 2008 முதல் 2020 வரை, 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரைச் சோதித்து எடுத்த கணக்கு அது. அதில் சர்க்கரை நோயாளிகள் அதிகம் உள்ள இடங்களாக கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடத்திலும், நம் புதுச்சேரி 26.3 சதவீதத்துடன் இரண்டாம் இடத்திலும் நிற்கின்றன. பக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நாட்டின் சராசரி 11.4 சதவீதம். அதாவது நம் ஊரில் வயது வந்த நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு பட்டியலும் உண்டு. உடல் பருமனிலும் தொப்பையிலும் இந்தியாவிலேயே முதல் இடம் நமக்குத்தான். புதுச்சேரியில் 53.3 சதவீதம் பேருக்கு உடல் பருமன். 61.2 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பகுதியில் அளவுக்கு மீறிய கொழுப்பு.

சர்க்கரை நோய் கண்ணைப் பாதிக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், காலில் புண் வந்தால் ஆறாது என்பதெல்லாம் நம் மக்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. ஆனால் அதே சர்க்கரையும் அதே தொப்பையும் ஆணின் குழந்தைப்பேற்றுத் திறனையும் இல்லற உறவையும் பாதிக்கும் என்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு அந்த வெட்கம் தடையாக இருக்கக் கூடாது என்றே நம் உலமாக்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் இதைக் கண்ணியமான சொற்களில், ஆனால் ஒளிக்காமல் எழுதுகிறோம். வீட்டில் பெரியவர்களும் மணமான பிள்ளைகளும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சர்க்கரை கொழுப்பாக மாறுவது எப்படி?

நாம் தேநீரில் போடும் வெள்ளைச் சர்க்கரையில் இரண்டு பொருட்கள் சரிபாதியாக இருக்கின்றன. ஒன்று குளுக்கோஸ், மற்றொன்று ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் இரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரந்து அதை உடலின் செல்களுக்குள் அனுப்புகிறது. உழைக்கும் உடலானால் அது எரிந்து சக்தியாகிவிடும். கடையில் உட்கார்ந்தே வேலை செய்பவருக்கும், எங்கு சென்றாலும் வண்டியிலேயே செல்பவருக்கும் எரிவதற்கு வழியில்லாமல் மிஞ்சுகிறது. மிஞ்சியதை இன்சுலின் கொழுப்பாகச் சேமிக்கிறது.

ஃப்ரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்குச் செல்கிறது. அளவோடு வந்தால் கல்லீரல் சமாளித்துக்கொள்ளும். குளிர்பானமாக, சர்பத்தாக, ஒரே மூச்சில் நிறைய வந்தால் அதைக் கொழுப்பாக மாற்றி, கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மற்றதை இரத்தத்தில் விடுகிறது. ஸ்கேன் எடுத்தவர்களிடம் மருத்துவர்கள் சொல்லும் ‘கல்லீரலில் கொழுப்பு’ பலருக்கு இப்படித்தான் வருகிறது. ஒரு சொட்டு மதுவும் தொடாதவருக்கும் இது வரும்.

இப்படிச் சேரும் கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரியானதன்று. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை விட, வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து நிற்கும் கொழுப்பே ஆபத்தானது. நம் நாட்டு உடல்வாகில் கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருப்பது சகஜம். ஆகவே எடை அதிகமில்லை என்று நிம்மதி அடைய முடியாது. இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. பேண்ட் அளவை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால் அது உண்மையைச் சொல்லாது.

தொப்பைக்கும் ஆண் தன்மைக்கும் என்ன தொடர்பு?

ஆணுக்குரிய ஹார்மோனின் பெயர் டெஸ்டோஸ்டிரோன். அது விரைகளில் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவிடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பி. விந்தணு உற்பத்திக்கும் அங்கிருந்துதான் உத்தரவு வருகிறது.

வயிற்றுக் கொழுப்பில் அரோமட்டேஸ் என்ற ஒரு நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக, அதாவது பெண்களுக்கு அதிகம் இருக்கும் ஹார்மோனாக மாற்றிவிடும். ஆணுக்கும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் தேவைதான். கொழுப்பு கூடும்போது அது தேவைக்கு மேல் உண்டாகிறது. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடியதைக் கண்ட பிட்யூட்டரி, ‘போதும்’ என்று எடுத்துக்கொண்டு தன் உத்தரவைக் குறைக்கிறது. உத்தரவு குறைந்தால் டெஸ்டோஸ்டிரோனும் குறைகிறது, விந்தணு உற்பத்தியும் தளர்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை கரைந்து கொழுப்பு இன்னும் எளிதாகச் சேர்கிறது. இது ஒரு சுழல். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இதோடு வெப்பமும் சேர்கிறது. விந்தணு உருவாக, உடலின் சூட்டை விட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூடு வேண்டும். அதற்காகவே அல்லாஹ் விரைகளை உடலுக்கு வெளியே அமைத்திருக்கிறான். தொடைகளிலும் அடிவயிற்றிலும் கொழுப்பு சூழ்ந்தால் அங்கே சூடு தங்கிவிடுகிறது. இரத்தத்தில் கூடுதல் சர்க்கரை நீண்ட காலம் இருந்தால் விந்தணுவின் உள்ளே இருக்கும் மரபுப் பொருளும் சேதமடையக்கூடும்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 74 ஆண்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். நம் ஊர் பரிசோதனைக் கூடங்களில் சர்க்கரை நோய் பார்ப்பதற்குத் தரும் அதே அளவுதான். குடித்த பின் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 25 சதவீதம் இறங்கியது. இரண்டு மணி நேரம் கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. இது தற்காலிக இறக்கம்தான். ஆனால் நாள் முழுவதும் இனிப்பை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பவர் இந்த இறக்கத்தையும் திரும்பத் திரும்ப வரவழைத்துக்கொள்கிறார்.

வட அமெரிக்காவில் குழந்தைக்கு முயன்று வந்த தம்பதிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. நாளொன்றுக்கு ஒரு தடவையோ அதற்கு மேலோ சர்க்கரை சேர்த்த சோடா வகைக் குளிர்பானம் குடித்த ஆண்களின் வீட்டில், ஒவ்வொரு மாதமும் கரு தங்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இதில் வேறு பழக்கங்களின் பங்கும் கலந்திருக்கலாம். பானம் மட்டுமே காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மற்ற ஆய்வுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அது புறக்கணிக்கத்தக்கதன்று.

2025இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு, 20 முதல் 35 வயதுக்குட்பட்ட 43 ஆண்களைப் பற்றியது. மூன்று வாரம் வீட்டுச் சமையல் போன்ற இயல்பான உணவு, மூன்று வாரம் ஆலையில் தயாரித்த பாக்கெட் உணவு என்று இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். கலோரிக் கணக்கைச் சமமாக வைத்திருந்தபோதும் பாக்கெட் உணவுக் காலத்தில் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பு கூடுதலாக ஏறியது. விந்தணு உற்பத்திக்கு உத்தரவிடும் ஹார்மோனும் குறைந்தது. பாக்கெட் உணவில் சர்க்கரையோடு வேறு பல பொருட்களும் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆறுதலான செய்தியும் டென்மார்க்கிலிருந்தே வந்திருக்கிறது. உடல் பருமன் கொண்ட 56 ஆண்கள் மருத்துவக் கண்காணிப்பில் எட்டு வாரம் உணவைக் குறைத்து சராசரியாக 16.5 கிலோ எடை இழந்தார்கள். அவர்களுடைய விந்தணுச் செறிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. குறைத்த எடையைக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் அந்த நன்மை நீடித்தது. இவ்வளவு வேகமாக எடை குறைப்பதை மருத்துவர் துணையில்லாமல் யாரும் முயலக் கூடாது. ஆனால் இழந்ததைத் திரும்பப் பெற முடியும் என்பதற்கு இது சான்று. ஒரு விந்தணு உருவாகி முழுமை பெற 70 முதல் 75 நாட்கள் ஆகின்றன. இன்று தொடங்கும் மாற்றத்தின் பலன் சுமார் மூன்று மாதத்தில் தெரியும்.

இல்லற உறவில் வரும் சிரமம்

கூடுதல் சர்க்கரை நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் அரிக்கிறது. ஆண் உறுப்புக்குச் செல்லும் குழாய்கள் இதயக் குழாய்களை விடவும் மெல்லியவை. ஆகவே அடைப்பின் முதல் அறிகுறி பெரும்பாலும் அங்கேதான் தெரியும். சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு மற்றவர்களை விட அதிகமாகவும், பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவும் வருகிறது. நாற்பது வயதிலேயே இந்தச் சிரமம் வந்தால் அதை வயதின் மீதோ மனைவியின் மீதோ போடாமல், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சோதித்து, இதயத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘ஆண்மைக் குறைவா?’ என்று சுவரொட்டி ஒட்டி, லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் பரிந்துரைக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஸ்டீராய்டும் குழந்தை வேண்டுவோருக்கு நேர் எதிரானவை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். உடம்பு பார்க்க வலுவாக இருக்கும், பரிசோதனை அறிக்கையில் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும்.

பழியை யார் சுமக்கிறார்கள்?

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தைப்பேற்றுத் தாமதத்தைச் சந்திக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. அத்தகைய தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. ஆண் மட்டுமே காரணமாகவோ, இருவரிடமும் குறை இருப்பதாலோ. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? நிக்காஹ் முடிந்து இரண்டு வருடமானால் மருமகளை ஒவ்வொரு மருத்துவராக அழைத்துச் செல்கிறோம். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஊசி எல்லாம் அவளுக்கே. விசேஷ வீடுகளில் ‘இன்னும் ஒன்றும் இல்லையா?’ என்ற கேள்வியும் அவளுக்கே. மகனை ஒரு பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால், ‘எங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை’ என்கிறோம். மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் மனைவியின் அறிக்கைகள் கட்டாகவும் கணவனின் அறிக்கை ஒன்றுகூட இல்லாமலும் இருப்பது புதிதல்ல. சில வீடுகளில் பேச்சு தலாக் வரையிலும் மறுமணம் வரையிலும் போய்விடுகிறது. சோதித்தே பாராமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது அநீதி.

உண்மையில் எல்லாப் பரிசோதனைகளிலும் எளிதானதும் செலவு குறைந்ததும் ஆணின் விந்துப் பரிசோதனைதான். ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் இல்லற உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கக் கூச்சப்படுபவர்கள், மருத்துவரிடம் சொல்லி வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்திற்குள் சேர்ப்பிக்கலாம். மார்க்க ரீதியாகச் சந்தேகம் இருந்தால் நம் ஆலிம்களிடம் தனியே கேட்டுத் தெளிவு பெறலாம். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லையென்றால், மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சர்க்கரை மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நாம் சொல்லவில்லை. விரையில் இரத்தநாளப் புடைப்பு, கிருமித் தொற்று, பொன்னுக்கு வீங்கி, புகையிலை, அடுப்பு உலைகளின் அருகில் நாள் முழுதும் நிற்கும் வேலை என்று காரணங்கள் பல. மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். சர்க்கரையும் தொப்பையும் அவற்றில் நம் கையிலேயே இருக்கும் காரணங்கள்.

நம் வீட்டுக் கணக்கு

சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கிராமில் சொன்னால் உச்ச எல்லை 50 கிராம், நல்ல எல்லை 25 கிராம். அதாவது ஐந்து டீஸ்பூன்.

இப்போது எண்ணிப் பாருங்கள். இரண்டு டீஸ்பூன் வீதம் நாலு டீ குடித்தால் 40 கிராம். 250 மில்லி குளிர்பானம் ஒன்றில் 25 கிராமுக்கு மேல். இரண்டையும் சேர்த்தாலே உச்ச எல்லையைத் தாண்டிவிட்டோம். பிஸ்கட், கேக், மாலையில் ரோஸ் மில்க், பிரான்சிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்த சாக்லேட் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. வலீமாவில் பிரியாணிக்குப் பின் பிரட் அல்வாவும் ஐஸ்கிரீமும் குளிர்பானமும் ஒரே இலையில் வருகின்றன. ரமலானில் பகலெல்லாம் நோன்பிருந்து, இஃப்தாரில் சர்பத்தை இரண்டு மூன்று கோப்பை குடிப்பவர் அந்த மாதத்தில் எடை கூடி நிற்பதைப் பார்க்கிறோம்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை நல்லவை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற எண்ணமும் தவறு. உடலுக்குள் அவையும் பெரும்பாலும் சர்க்கரையே. பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து உண்டு. நோன்பு திறக்க ஒன்றோ மூன்றோ போதும். அதை மில்க் ஷேக்காக அடித்துச் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பது வேறு விஷயம்.

இன்றே தொடங்கக்கூடியவை

1. தேநீரில் சர்க்கரையை வாரத்துக்கு அரை டீஸ்பூனாகக் குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். கடையில் ‘சர்க்கரை கம்மி’ என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

2. குளிர்பானத்தை வீட்டுக்குள் வாங்கி வைக்காதீர்கள். விருந்தாளிக்கு மோர், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, இளநீர் கொடுக்கலாம். இஃப்தாரில் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும் முதலில் வரட்டும்.

3. வயிற்றில் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலைச் சோற்றுத் தட்டிலும் கடைப்பிடியுங்கள். வெள்ளைச் சோறும் மைதா பரோட்டாவும் உள்ளே போனதும் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன. காய்கறி, பயறு, மீன் கூடட்டும்.

4. தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடங்கள். மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வாகனங்கள் வருவதில்லை. குடும்பத்தோடு நடக்கலாம். பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டு நடந்து வாருங்கள்.

5. 30 வயதைக் கடந்த ஆண், பெண் அனைவரும் வருடம் ஒரு முறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள். அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இது இலவசம். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

6. மகனுக்கு வரன் பார்க்கும் வீட்டார், மாப்பிள்ளையின் சர்க்கரை அளவையும் இடுப்புச் சுற்றளவையும் நிக்காஹுக்கு முன்பே கவனியுங்கள். மணப்பெண்ணின் நிறத்தையும் உயரத்தையும் விசாரிப்பதை விட அது பயனுள்ளது.

7. பிள்ளைகளின் டிபன் பெட்டியில் க்ரீம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலோ பழமோ வையுங்கள். பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கும்படி சிபிஎஸ்இ 2025இல் அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இவையெல்லாம் சமையலறையில் நிற்கும் பெண்ணின் பொறுப்பு மட்டும் என்று விட்டுவிடக் கூடாது. அத்தா டீக்கடையில் குடிப்பதையும், மகன் நண்பர்களோடு பாட்டில் பாட்டிலாகக் குடிப்பதையும் அம்மா கணக்கெடுக்க முடியாது. அவரவர் உடலுக்கு அவரவர்தான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

குழந்தையைக் கொடுப்பவன் அல்லாஹ் ஒருவனே. கேட்பதற்கு துஆ இருக்கிறது, முயல்வதற்கு மருத்துவம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நம் வழி. குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு உதவி கோரி வரும் சகோதரர்கள் இனி தங்கள் மனைவியின் அறிக்கையோடு தங்கள் அறிக்கையையும் கொண்டுவந்தால், எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்று முடிவு செய்வது நமக்கும் எளிதாக இருக்கும். விவரங்கள் யாருக்கும் தெரியாமல் காக்கப்படும்.

பிள்ளை வேண்டி ஏங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அல்லாஹ் ஸாலிஹான சந்ததியைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

— செயலாளர்